அரிசிப்பல்

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். என் மகனுக்கு மேல்பல்தான் முதலில் வந்தது, அதுவும் பதினாறாவது மாதத்தில், அதுவும் பல் மாதிரியே இல்லாமல் ஈறைக் குத்திக்கொண்டு வந்த ஆணி முனை மாதிரி. என் மாமியார் அன்றைக்கே கோவையில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு, "வண்டியில மெதுவாப் போங்க தம்பி, வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். தம்பி சிரித்துக்கொண்டே வந்து, மருமகனைத் தூக்கிக் கொஞ்சி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு மாமன் இருக்கத்தான் செய்கிறார். அவர் வேறு மாமன். பின்னால் வருவார்.

எங்களுக்குக் கோவில்பட்டி. பையன் பிறந்தது 2013 பிப்ரவரியில், அதாவது அவனுக்கு இரண்டு மாதம் முடியும்போதே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலில் காய்ச்சல். 103. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இரண்டு நாளில் சரியாகி வீட்டுக்கு வந்தோம், மறுநாள் மத்தியானம் மறுபடி 103. அந்தக் கோடையில் நான்கு முறை அட்மிட். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், டைபாய்டு பார்த்தார்கள், டெங்கு பார்த்தார்கள், ஒரு முறை மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் ஊசி போட்டு நீர்கூட எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஆன்டிபயாடிக் மட்டும் பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது. இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது: ஆஸ்பத்திரியில் நாங்கள் இருந்தது ஏசி ரூம். வீடு மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை. ஏசிக்குள் போனால் காய்ச்சல் இறங்குகிறது, வீட்டுக்கு வந்தால் ஏறுகிறது. இதை ஒரு டாக்டரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம்.

தலையில் முடியும் அவ்வளவாக இல்லை. புருவம் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். "பொறந்த முடி எடுத்தா கருகருன்னு வரும்" என்று குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டோம். கருகரு எல்லாம் வரவில்லை, பழையபடி செம்பட்டையாகப் பூனை முடிதான் வந்தது. எனக்குத் தாய்ப்பாலும் போதவில்லை. பூண்டு, சுறாப்புட்டு, கருவாடு என்று ஊரில் சொன்னதையெல்லாம் தின்றேன். பால் ஊறாததற்கு நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டரை வயதில் அவன் வாயில் மொத்தம் மூன்று பற்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று, மூன்றும் கூம்பு. ஒரு பல் டாக்டர் "லேட்டா வரும்மா, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், வெயிட் பண்ணுங்க" என்றார். அது பரவாயில்லை. இன்னொருவர், பார்க்க நன்றாக இல்லையே, மேலே இருக்கிற கூர்ப்பல் இரண்டையும் பிடுங்கிவிட்டால் பின்னால் நல்ல பல் வரும் என்றார். நல்லவேளை அன்றைக்குக் கையில் காசு இல்லாததால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டோம். அந்த இரண்டு பல்லையும் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன், அந்த இரண்டும்தான் இன்று வரை அவன் மேல்பல் செட்டைத் தாங்கிப் பிடிக்கிற தூண்கள்.

மூன்றாவதாகப் போனது மதுரையில் ஒரு சின்ன கிளினிக். படித்து முடித்து வந்து ஓராண்டுகூட ஆகியிருக்காத பெண். பையனை மடியில் உட்கார வைத்து, கட்டை விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வாயை விட்டுவிட்டு அவன் நெற்றியைத் தடவினார், கழுத்துக்குப் பின்னால் தடவினார். செப்டம்பர் மாதம், கரன்ட் இல்லை, எங்கள் எல்லோருக்கும் வழிந்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, பையனுக்கு வேர்க்குமா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. பல்லுக்கு வந்த இடத்தில் வேர்வையைப் பற்றி என்ன கேள்வி? யோசித்தேன். இரண்டரை வருடமாக அந்த உடம்பைக் குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்றுகிறேன், ஒரு சட்டைகூட வேர்வையில் நனைந்ததாக நினைவில்லை. பிள்ளை சுத்தமாக இருக்கிறான், வேர்வை நாற்றமே இல்லை என்று பெருமைப்பட்டதுகூட உண்டு.

"அக்கா, நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."

எனக்கு முன்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய பற்களில் ஒன்று கிடையாது, இன்னொன்று குருணை மாதிரி சின்னதாக இருக்கும். சின்ன வயதிலிருந்து வீட்டில் "இவளுக்கு அரிசிப்பல்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் சொன்ன முதல் வார்த்தையே "அரிசிப்பல்லு, சிரிச்சா லட்சணமா இருக்கு" என்பதுதான். அந்த டாக்டர் என் அரிசிப்பல்லை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. வேர்வை குறைந்த வகை. ஐந்து டாக்டர்கள், நான்கு அட்மிஷன், ஒரு முதுகு ஊசி கண்டுபிடிக்காததை உதட்டைத் தூக்கிப் பார்த்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

பல்லுக்கும் வேர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்பீர்கள். கருவில் வெளிப்பக்கமாக இருக்கும் ஒரு படலத்திலிருந்துதான் தோல், முடி, பல், வேர்வைச் சுரப்பி, எச்சில் சுரப்பி, பால் சுரப்பி எல்லாம் உண்டாகின்றன. ஆரம்பத்தில் முடியும் பல்லும் சுரப்பியும் ஒரே மாதிரிதான் தொடங்கும், படலத்தில் ஒரு புள்ளி தடித்து உள்ளே இறங்கும், அவ்வளவுதான். "இங்கே இறங்கு" என்று சொல்ல ஒரு புரதம் வேண்டும், ஒரு கடிதம் மாதிரி. அந்தக் கடிதத்தை எழுதும் மரபணுவுக்குப் பெயர் இடிஏ, அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, 1996-ல் கண்டுபிடித்தார்கள். கடிதத்தை வாங்கிக்கொள்ளும் தபால் பெட்டிக்கு வேறொரு மரபணு. என் மகனுக்குப் பெட்டிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, கடிதம்தான் வரவில்லை. ஆகையால் முடி இறங்கவில்லை, வேர்வைச் சுரப்பி இறங்கவில்லை, வேர்க்காததால்தான் அந்தக் கோடைச் சூடு காய்ச்சலாக ஏறியது, இருபது பால்பல்லில் மூன்றுதான் அந்த வயதில் இறங்கியிருந்தது, பின்னால் இன்னும் மூன்று வந்தது. இந்த நோய் உள்ள ஆண்களுக்கு நிரந்தரப் பற்கள் சராசரியாக ஒன்பதுதான் வரும், பெரும்பாலும் கோரைப்பல்லும் முதல் கடைவாய்ப்பல்லும்.

என் பால் ஏன் ஊறவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது, அடுத்து மரபணு டாக்டரிடம் போன அன்றைக்குத்தான். அவர் "நீங்க கேரியர்" என்றார். எனக்குக் கேரியர் என்றால் டிபன் கேரியர்தான் தெரியும், பழுதான மரபணுவைச் சுமக்கிறவள் என்று அர்த்தமாம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒன்றுதான் வேலை செய்யும், எது என்பது கருவிலேயே குலுக்கல் மாதிரி முடிவாகிவிடும். ஆகவே என் உடம்பில் சில இடம் நல்ல எக்ஸ், சில இடம் பழுதான எக்ஸ். முதுகில் அயோடின் தடவி, காய்ந்ததும் மாவுத்தூள் தூவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வைத்தார்கள். வேர்க்கிற இடம் கருநீலமாக மாறும். அவர் செல்போனில் படம் எடுத்துக் காட்டினார்: முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து இறங்கும் நீலப் பட்டைகள், நடுநடுவே வெள்ளைப் பட்டைகள். முப்பது வருடமாக என் முதுகில் வரிக்குதிரை மாதிரி ஒன்று இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. கேரியர் பெண்களில் பலருக்குப் பால் சுரப்பியும் முழுதாக வளர்ந்திருக்காதாம். சுறாப்புட்டு மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது மாமன் கதை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள், அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், ஒன்பது மாதத்தில் சித்திரை வெயிலில் சூடு பிடித்துச் செத்துப் போனான், தலையில் முடியே கிடையாது, மொட்டையாண்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். அது மட்டும் இல்லை. எங்கள் அம்மாச்சியின் அண்ணன் பொக்கைச் சுப்பையா. அவரை நானே பார்த்திருக்கிறேன். வாயில் நாலைந்து பல்தான், வயசானதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை, இருபது வயதிலேயே அப்படித்தானாம். எப்போதும் ஈரத்துண்டு தோளில் கிடக்கும். பகலில் கிணற்றுக்குள் கிடப்பார், ராத்திரியில்தான் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், ஊரில் "சோம்பேறி, வெயிலுக்குப் பயந்தவன்" என்று பேர். மனுஷன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன் நோய்க்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் இன்னொரு ஆச்சரியம். டார்வின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் எப்படி மாறுகின்றன என்ற அவருடைய புத்தகத்தின் 1875 பதிப்பில், சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்று வருகிறது. நான்கு தலைமுறையில் பத்து ஆண்கள், இரண்டு தாடையும் சேர்த்து நான்கு சின்ன முன்பல்லும் எட்டுக் கடைவாய்ப்பல்லும்தான், உடம்பில் முடி குறைவு, இளமையிலேயே வழுக்கை, தோல் வறண்டு கிடப்பதால் வெயிலில் படாதபாடு. பெண்கள் ஒருவருக்கும் இல்லை, ஆனால் மகள்கள் வழியாகப் பேரன்களுக்கு வருகிறது, மகன்கள் வழியாக அவர்கள் மகன்களுக்கு வருவதே இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். குரோமோசோம் என்ற வார்த்தையே அப்போது கிடையாது. எங்கள் வீட்டு அம்மாச்சி, அம்மா, நான் என்ற வரிசையை அந்த மனிதர் கடிதத்தில் வந்த தகவலை வைத்தே கோடு போட்டுக் காட்டிவிட்டார். மேல்பல் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பது மூடநம்பிக்கைதான், எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பல் கைகாட்டியது மாமனைத்தான்.

சரி, பல்லுக்கு வருகிறேன்.

பல் இல்லாவிட்டால் என்ன, சாதத்தைக் குழைத்துக் கொடுத்தால் போச்சு என்று நினைத்த ஆள் நானும்தான். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு உயரமாக வளராது, அந்த எலும்பு வளர்வதே பல்லைச் சுற்றித்தான். அதனால் ஈறு கத்தி முனை மாதிரி மெலிந்து கிடக்கும். மூக்குக்கும் நாடிக்கும் இடையிலான தூரம் குறைந்து, உதடு வெளியே பிதுங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்துச் சுருங்கி, மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாத்தா முகம் வந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்ன வயது என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். பாலர் பள்ளியில் அந்த இரண்டு கூர்ப்பல்லுக்காக "டிராகுலா" என்று பெயர் வைத்தார்கள். டிராகுலா யாரென்று அவனுக்கும் தெரியாது, வைத்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அது நல்ல வார்த்தை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2017-ல், நாலே முக்கால் வயதில் முதல் பல் செட். குழந்தைக்கா பல் செட் என்று வீட்டில் அத்தனை பேரும் சண்டைக்கு வந்தார்கள், பெரியவனானதும் கட்டிக்கலாம் என்றார்கள். டாக்டர் சொன்னது வேறு: மெல்லப் பழகுவதும் பேசப் பழகுவதும் இந்த வயதில்தான், பள்ளிக்கூடம் போகும் முன் செட் வாயில் இருக்க வேண்டும்.

அளவு எடுப்பதுதான் பெரிய பாடு. ரப்பர் கிண்ணத்தில் ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரும்பு ட்ரேயில் நிரப்பி, வாய்க்குள் அழுத்தி, கெட்டியாகும் வரை அசையாமல் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெர்ரி வாசனை என்று ஆசை காட்டித்தான் உட்கார வைத்தோம். முதல் தடவை ட்ரே தொண்டையைத் தொட்டதும் உவ்வே என்று எல்லாவற்றையும் டாக்டர் மேலேயே கக்கினான். இரண்டாம் தடவை அவர் ஒரு வேலை கொடுத்தார்: "வலது காலைத் தூக்கு, கீழே விடக் கூடாது, விட்டா நீ அவுட்." பையன் முழு கவனமும் காலில். நடுங்க நடுங்கத் தூக்கிக்கொண்டே இருந்தான், அதற்குள் மாவு இறுகிவிட்டது. வெளியே எடுத்தபோது அந்த ரோஸ் மாவில் அவன் வாய் தலைகீழாகப் பதிந்திருந்தது, மேலே இரண்டு சின்னக் குழி, மற்றபடி வெறும் வழுவழுப்பு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் முறையாக அழுகை வந்தது. காய்ச்சலுக்கெல்லாம் அழாதவள்.

செட் செய்யும் லேபில் பால்பல் அளவுக்குப் பல்லே கிடையாது, கடையில் வருவதெல்லாம் பெரியவர்களுக்கான பல். அந்த லேப்காரர் ஒவ்வொரு பல்லாக உரசி உரசிச் சின்னதாக்கினாராம். முதலில் மெழுகில் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் அக்ரிலிக். கூர்ப்பல் இரண்டையும் பல் நிறப் பசையால் கட்டிப் பெரிதாக்கி, செட் கவ்விப் பிடிக்கிற மாதிரி செய்தார்கள். இந்த இடத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். செட் வாயில் ஒட்டி நிற்பது எச்சிலால். ஈறுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் மெல்லிசாக எச்சில் படலம் இருந்தால்தான் அது பிடிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எச்சில் சுரப்பியும் குறைவு. எலும்பும் இல்லை, எச்சிலும் இல்லை, அந்த இரண்டு ஆணிப்பல்தான் கதி. பிடுங்கச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன்.

மாட்டிவிட்டுக் கண்ணாடி காட்டினார்கள். பையன் கண்ணாடியைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். தாத்தா முகம் போய், நாலே முக்கால் வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. உதடு சரியான இடத்தில், கன்னம் சரியான இடத்தில். அவன் கேட்ட முதல் கேள்வி, "இத வச்சுக்கிட்டு கடலை மிட்டாய் திங்கலாமா?" கோவில்பட்டியில் பிறந்தவன், வேறென்ன கேட்பான்! எங்கள் தெருமுனையிலேயே பாகு காய்ச்சும் வாசனை வரும், அவனுக்கு இதுவரை அப்பா இடித்துப் பொடியாக்கிக் கொடுத்ததுதான். டாக்டர் ஒரே வார்த்தையில் கூடாது என்றுவிட்டார். எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை ஒட்டினால் கழுவிப்போக வழியில்லை, இருக்கிற ஆறு பல்லும் சொத்தையாகும், அந்த ஆறையும் விட்டால் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு பூச்சு, ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், சாப்பிட்டதும் கொப்பளிப்பு, இன்று வரை இதுதான் ஒழுங்கு. ரசம் சோறும் தயிர்ச் சோறும் எங்கள் வீட்டில் ருசிக்காக இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காக.

பேச்சு. பல்லு போனா சொல்லு போச்சு என்பது எவ்வளவு சரியான பழமொழி என்று எனக்குத் தெரிந்தது அந்த வருடம்தான். மேல்பல்லும் கீழுதடும் சேர்ந்தால்தான் வகாரம் பிறக்கும், நம் பழைய இலக்கணமே அதைச் சொல்கிறது. நாக்கு நுனி மேல்பல்லின் அடியில் ஒற்றினால்தான் தகாரமும் நகாரமும். பல்லே இல்லாதவன் எங்கே ஒற்றுவான்? அந்த ஜூலையில்தான் அவனுக்குத் தங்கை பிறந்திருந்தாள். வெண்பா என்று பெயர் வைத்தோம். இவன் "பெம்பா, பெம்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. செட் போட்ட முதல் பத்து நாள் பேச்சு இன்னும் மோசமானது, வாய் நிறையக் கல்லைப் போட்டுப் பேசுகிற மாதிரி. ஒருநாள் காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. பையன் கண்ணாடி முன் நின்று கீழுதட்டை மேல்பல்லால் கடித்துக் கடித்து, "வ்வ்வ்... வ்வ்வெண்பா" என்று தனக்குத்தானே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் சத்தம் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இது ஒரு தடவை செய்து முடிகிற வேலை இல்லை. தாடை வளர வளரச் செட் இறுக்கும், இரண்டு இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்ய வேண்டும். 2020-ல் கொரோனா வந்து பல் கிளினிக்குகள் மூடிக்கிடந்தபோது செட் சின்னதாகி ஈறில் புண் வந்துவிட்டது, அவன் அப்பா ஆணி தேய்க்கும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நான் பிடுங்கி எறிந்தேன். பல்லை நிரந்தரமாக எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் ஏன் வைக்கக் கூடாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இம்பிளான்ட் எலும்போடு இறுகிவிடும், வளர்கிற தாடையோடு சேர்ந்து நகராது. பக்கத்தில் எல்லாம் வளர்ந்து உயர, அது மட்டும் நட்ட இடத்திலேயே புதைந்து நிற்கும். கீழ்த் தாடையின் முன்பக்கம் மட்டும் விதிவிலக்கு, அங்கே ஏழு வயதுக்கு மேல் வைத்து நன்றாக இருக்கிற பிள்ளைகள் உண்டு. மற்ற இடத்துக்கு வளர்ச்சி முடிய வேண்டும், அப்புறமும் எலும்பு போதாது, வேறிடத்து எலும்பை எடுத்து வைத்துக் கட்ட வேண்டியிருக்கலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு முழுக்கக் கைக்காசு. ஒவ்வொரு செட்டுக்கும் என் கணவருடைய ஒரு மாதச் சம்பளம் போய்விடும். இன்சூரன்ஸ்காரர்களிடம் கேட்டால் விபத்தில் பல் போனால் உண்டு, மற்றபடி பல் என்பது அழகு சம்பந்தப்பட்டது என்கிறார்கள். பிறக்கும்போதே இருபது பல்லில் பதினான்கு இல்லாதவனுக்கு எது அழகு? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, ஹீமோபீலியா இருக்கிறது, தலசீமியா இருக்கிறது, இருக்க வேண்டியதுதான், ஆனால் இது இல்லை. பள்ளிக்கூடத்தில் ஈரத்துண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், மின்விசிறிக்குக் கீழ் இடம் என்று மூன்று விஷயம் கேட்கப் போனேன், ஊனச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். அமெரிக்காவில்கூடப் பிறவிக் குறைபாட்டால் இல்லாமல் போன பல்லுக்கு இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று பல வருடமாகக் குடும்பங்கள் போராடி, 2022-ல் கீழவை வரை நிறைவேறியும் சட்டமாகவில்லை. உலகம் முழுக்கப் பல்லை உடம்பிலிருந்து பிரித்துத் தனியாக ஒரு சாமான் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

2018-ல் ஒரு செய்தி படித்தேன், படித்த ராத்திரி தூங்கவில்லை. ஜெர்மனியில் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் என்ற டாக்டர், வராத அந்தக் கடிதத்தையே புரதமாகச் செய்து, கர்ப்பிணியின் பனிக்குட நீரில் ஊசி வழியாகச் செலுத்தியிருக்கிறார். வயிற்றுப் பிள்ளை அந்த நீரைக் குடிக்கும் அல்லவா, அப்படிக் குடித்தே மருந்து உள்ளே போகிறது. மூன்று ஆண் குழந்தைகள், அதில் இரண்டு இரட்டையர். மூன்று பேருக்கும் வேர்த்தது! இதே புரதத்தைப் பிறந்த பிறகு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரிதாகப் பலன் இல்லை, கடிதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பெட்டியைத் திறக்க ஆளிருப்பதில்லை. இப்போது பல நாடுகளில் அதைப் பெரிய அளவில் சோதிக்கிறார்கள். 2016 கடைசியில் நான் வெண்பாவைச் சுமந்தபோது இது எங்கேயும் அச்சில் வரவில்லை, ஆண் பிள்ளையாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற கணக்கை மட்டும் வயிற்றோடு சேர்த்துச் சுமந்தேன். அப்புறம் 2024-ல் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் முளைக்க வைக்கும் மருந்தைச் சோதிக்க ஆரம்பித்தார்கள், பல் வளர்ச்சிக்குப் பிரேக் போடும் ஒரு புரதத்தை அது தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் இருபது பேராவது எனக்கு அதை அனுப்பினார்கள். முதல் கட்டச் சோதனை 30 முதல் 64 வயது வரையான ஆண்களிடம், முதலில் ஆபத்தில்லையா என்று பார்க்க. இவனுக்கு இப்போது பன்னிரண்டு. நான் அந்தச் செய்திகளை அவனிடம் காட்டுவதில்லை, அவனாகவே தேடிப் படித்துவிட்டு என்னிடம் காட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணப் பேச்சு எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு இவனுக்கு மகன் பிறந்தால் அவனுக்கு வராது, மகள்கள் பிறந்தால் எல்லோருமே என்னைப் போல. ஆனால் இப்படிப்பட்ட ஒருவருக்கு அக்கா மகளைக் கட்டிவைத்து, அவளும் கேரியராக இருந்துவிட்டால், பெண் பிள்ளைக்கும் முழு நோயே வரலாம். அம்மாவின் ஊர்ப்பக்கம் இதை விளக்கப் போய், படித்த திமிர் என்று பேர் வாங்கி வந்தேன்.

வெண்பாவுக்கு ஆறு வயதில் முதல் பால்பல் ஆடியது. அவளுக்குப் பற்கள் எல்லாம் வரிசையாக வந்திருந்தன, ஒன்றே ஒன்றுதான் குருணை மாதிரி, அது என்ன என்று எனக்குத் தெரியும், டெஸ்ட் அவள் பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும். பல் விழுந்த அன்று என் மாமியார் சாணி உருண்டைக்குள் அதை வைத்து, கூரை மேல் எறியச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இருக்கிறது. பெண் எறிந்தாள், முதல் தடவையே மேலே போய்விட்டது, கைதட்டினோம்.

இவன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு எப்ப அப்பத்தா விழும்?" என்றான். அவர் என்னைப் பார்த்தார். இவனுடைய பால்பற்களில் பலவற்றுக்கு அடியில் நிரந்தரப் பல் கிடையாது, எக்ஸ்ரேயில் வெறும் எலும்புதான் தெரிகிறது, அவை விழக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடும். எல்லாப் பிள்ளைக்கும் பல் விழ வேண்டும், இவனுக்கு மட்டும் விழக் கூடாது. நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டான்.

பீரோவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவனுடைய பழைய செட்டுகளை எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியாது. அதில் மிகச் சின்னதை, அந்த முதல் மேல் செட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "அப்பத்தா, கொஞ்சம் சாணி" என்றான். அவர் ஒன்றும் பேசாமல் பெரிய உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தார், செட் முழுக்க மறையவில்லை, முன்பக்கம் நாலு பல் வெளியே சிரித்துக்கொண்டிருந்தது. எறிந்தான். ஓட்டில் டக்கென்று விழுந்து, சரசரவென்று சரிந்து, அப்படியே திரும்பி வந்து துவைகல் பக்கத்தில் விழுந்தது. வெண்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மறுபடி எறிந்தான், மறுபடி வந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ ஓட்டு இடுக்கில் சிக்கிக்கொண்டது.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் சாணி எல்லாம் கரைந்து போய்விட்டது, மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தால் ரோஸ் ஈறும் பல்லுமாக நன்றாகத் தெரியும். ஓடு மாற்ற வந்த ஆள் போன மாதம் ஏணியில் ஏறியவர், அதைப் பார்த்துவிட்டு, "அக்கா... மேல யாரோட..." என்று பாதியில் நிறுத்தினார். "எங்க பெரியவன் பால்பல்லுண்ணே, விட்டுருங்க" என்றேன்.